வாய்க்கால் கரையில் முள்வேலி

மலைமேல் திண்ணனூர் நாட்டுச் சென்னம்மாளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று அங்கே எல்லோரும் சொல்வார்கள். வராமல் என்ன செய்யும்? புருஷன் போன பிறகு வாழைத்தோட்டத்தை ஒற்றை ஆளாகக் காத்தவள். வாரம் தவறாமல் பழக்கூடையைச் சுமந்து காளப்பநாயக்கன்பட்டிச் சந்தைக்கு இறங்கியவள். ஏய்க்க வந்தவர்களிடம் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தால் அந்தத் தோட்டம் என்றைக்கோ கை மாறியிருக்கும்.

அடிவாரத்திலிருந்து சந்தை வரைக்கும் பழைய வாய்க்கால் கரைதான் வழி. மலைக்காரர்கள் அந்தக் கரையில் சும்மா நடப்பதில்லை. நண்டு வளை கண்ணில் பட்டால் கூடையை இறக்கி, களிமண்ணைத் திணித்து, குதிகாலால் மிதித்து அடைத்துவிட்டுத்தான் மேலே போவார்கள். கரையில் நடப்பதற்கு அதுதான் முறை. யார் ஏற்படுத்தியது என்று ஒருவருக்கும் தெரியாது, மீறியவர்களும் கிடையாது.

யுத்தம் தொடங்கிய வருஷம், கரையோரத்து மஞ்சள் வயல்காரர் சாமியப்பன் கரைக்குக் குறுக்கே முள் வெட்டிப் போட்டார்.

“நீங்க மிதிச்சு மிதிச்சுத்தான் கரை சரியுது. சுத்திக்கிட்டுப் போங்க” என்றார்.

சென்னம்மாளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. “தண்ணி மட்டும் எங்க மலையிலிருந்து இறங்கி உங்க மஞ்சளுக்கு வரலாமுங்க. நாங்க இறங்கி வரப்படாதுங்களா?”

அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கல்லும் முள்ளுமான கரட்டு மேட்டைச் சுற்றிக்கொண்டு அவள் போய்ச் சேர்ந்தபோது வியாபாரிகள் வண்டி கட்டிக் கிளம்பிவிட்டிருந்தார்கள். கனிந்து வெடித்த பழத்தை மாட்டுக்குப் போட்டாள். அடுத்த வாரமும் அதே கதிதான். வீட்டுக்கு உப்புக்கூட வாங்காமல் மலையேறினாள், வழியெல்லாம் அவரைத் திட்டிக்கொண்டே.

ஐப்பசியில் வாய்க்கால் நிரம்பி ஓடியது. வேலிக்கு அப்பால் கரையடியில் ஈரம் கசிவதைச் சென்னம்மாள் பார்த்தாள். நண்டு வளைதான். இத்தனை வருஷப் பழக்கம், கை பரபரத்தது. கோபத்தை விழுங்கிக்கொண்டு சாமியப்பனைக் கூப்பிட்டாள்.

“ஏனுங்க, உள்ளே வளை கசியுதுங்க. முள்ளை எடுத்தீங்கன்னா அடைச்சுட்டுப் போறேன்.”

“வழி வேணும்னு கதை கட்டாதே. போ.”

போனாள்.

அடுத்த சந்தை நாளில் அவள் இறங்கி வந்தபோது கரை அந்த இடத்திலேயே உடைந்திருந்தது. பாதி மஞ்சள் சேற்றுக்குள் கிடந்தது. சாமியப்பன் தன் கையாலேயே முள்ளை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். கையெல்லாம் ரத்தம்.

“சென்னம்மா, நீ சொன்னதைக் கேக்காமப் போயிட்டேன். இன்னும் ரெண்டு இடத்துல கசியுது. கூடையை இறக்கி ஒரு கை கொடும்மா.”

பாவமாகத்தான் இருந்தது. ஆனால் பாவத்தைவிடக் கோபம் பெரிதாக இருந்தது. போன வாரமென்றால் ஒரு பிடி மண் போதுமாயிருந்திருக்கும்.

“சந்தைக்குப் போயிட்டு வாரேனுங்க.”

“அதுக்குள்ள மிச்சமும் போயிருமேம்மா.”

“எம் பழமும் அப்படித்தானுங்க போச்சு.”

உடைப்பில் முழங்கால் தண்ணீரில் இறங்கி அந்தப் பக்கம் ஏறினாள். கரைமேல் இரண்டு வளைகள் தெரிந்தன. அவள் ஆயுசில் முதல் தடவையாகக் கூடையை இறக்காமல் அவற்றைத் தாண்டி நடந்தாள். வியாபாரிகள் வண்டி கட்டுவதற்குள் போய்ச் சேர வேண்டும்.