வழியில சொல்றேன்

பெங்களூர் மர்பி டவுனில் பாஞ்சாலிக்கும் கோவிந்தப்பாவுக்கும் இருந்தது ஒரே ஓர் அறை. நடுவில் பீரோவை நிறுத்தி, பக்கத்தில் பழைய சேலை ஒன்றைத் திரையாகக் கட்டியிருந்தார்கள். அந்தப் பக்கம் மகன் அஷ்வினும் மருமகள் கிருத்திகாவும். இந்தப் பக்கம் அடுப்போடு அடுப்பாக இவர்கள். சேலைக்கு அப்பால் கொட்டாவி விட்டால் இங்கே கேட்கும். அப்புறம் புருஷனும் பெண்டாட்டியும் எங்கே போய்ப் பேசுவது? காஸ் தீர்ந்தது, தண்ணீர் வந்தது என்பதோடு வீட்டுப் பேச்சு முடிந்துவிடும். மற்றதெல்லாம், "வழியில சொல்றேன்."

வழி என்றால் தொம்மலூர் வரைக்குமான வழி. அங்கே ஒரு குடியிருப்பில் கோவிந்தப்பா தோட்ட வேலை பார்த்தார். எதிரே ஒரு ஆபீசில் பாஞ்சாலி கூட்டிப் பெருக்குபவள். காலையில் இருவரும் சேர்ந்தே கிளம்புவார்கள். மெட்ரோ தூணுக்குக் கீழே பெரிய ரோட்டைக் கடந்து, ஜோகுபாளையம் புகுந்து, கேம்பிரிட்ஜ் லேஅவுட் வழியாகப் போவார்கள். நடைபாதை என்று ஒன்று உண்டுதான். அதில் டிரான்ஸ்ஃபார்மர் நிற்கும், இளநீர்க் குவியல் கிடக்கும், சிக்னலில் பொறுமை இல்லாத பைக்குகள் ஓடும். மனுஷன் மட்டும் கீழே இறங்கி நடக்க வேண்டும். கோவிந்தப்பா எப்போதும் வண்டிகள் வரும் பக்கமாக நடப்பார். பாஞ்சாலி உள்பக்கம்.

மகனின் காதலை அவள் முதலில் சொன்னது அந்த வழியில்தான். கர்ப்பப்பையை எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதைச் சொல்லி அழுததும் அங்கேதான். சண்டையும் உண்டு. சாயங்காலம் திரும்பும்போது அவள் கோபித்துக்கொண்டு விறுவிறுவென்று முன்னால் போவாள். ஆனால் அந்தப் பெரிய ரோட்டைத் தனியாகக் கடக்க அவளுக்குப் பயம். தூணடியில் நின்றுவிடுவாள். அவர் வந்து ஒன்றும் பேசாமல் அவள் மணிக்கட்டைப் பிடித்துக் கடத்திவிடுவார். சண்டை அதோடு சரி.

ஒருமுறை தொம்மலூரில் மஞ்சள் சட்டை போட்ட பிள்ளைகள் நின்று, நடந்து வேலைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் தொப்பி கொடுத்தார்கள். அதில் ஒரு பெண், "நீங்க ஏன் அங்கிள் நடக்குறீங்க? ஹெல்த்துக்கா, பொல்யூஷன் வேணாம்னா?" என்று கேட்டாள். கோவிந்தப்பா வெட்கப்பட்டு, "சும்னே மேடம், சும்மாதான்" என்றார். கொஞ்ச தூரம் போனதும் பாஞ்சாலி சிரித்தாள்.

"பொண்டாட்டிகிட்ட பேசறதுக்குன்னு சொல்ல வேண்டியதுதான?"

"சொல்லியிருந்தா தொப்பி குடுத்திருக்க மாட்டாங்கமே."

இப்படிப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில் பக்கத்து வீட்டு மௌரீன் வாயைத் திறந்தாள். நல்ல மனசுக்காரிதான். "இன்னா அஷ்வின், டாடி மம்மி வெயில்ல நடக்கிறாங்க, நீ ஜாலியா கீற?" என்றாள். ஊர் வாயை மூட உலைமூடியா இருக்கிறது? இந்திராநகரில் செல்போன் கடையில் வேலை செய்யும் பிள்ளைக்கு அது முள்ளாகத் தைத்துவிட்டது. தவணையில் ஒரு ஸ்கூட்டர் வாங்கினான். அம்மாவைக் காலையில் கொண்டுபோய் விடுவான், சாயங்காலம் டீ நேரத்தில் கூட்டி வந்து விடுவான். வண்டியில் இன்னொரு ஆளுக்கு இடமில்லை.

வேண்டாம் என்று சொல்ல பாஞ்சாலிக்கு வாய் துடித்தது. ஏன் வேண்டாம் என்று கேட்டால் என்ன சொல்வது? உங்கள் எதிரில் எங்களால் பேச முடியவில்லை என்றா? கிருத்திகா அதை எப்படி எடுத்துக்கொள்வாள்? கோவிந்தப்பாவே, "போமே, புள்ள ஆசையா வாங்கிக்கீறான்" என்று அனுப்பி வைத்தார். முதல் நாள் கேம்பிரிட்ஜ் லேஅவுட்டில் ஸ்கூட்டர் அவரைத் தாண்டியது. உள்பக்கம் காலியாக இருந்தும் மனுஷன் வழக்கம்போல ரோட்டை ஒட்டியே நடந்துகொண்டிருந்தார். பாஞ்சாலி திரும்பித் திரும்பிப் பார்த்தாள். "ஆடாத மா" என்றான் மகன்.

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கான கதைதான். யாரைக் குற்றம் சொல்வது? பிள்ளையின் பாசத்தையா?

அப்புறம் ஒரு நாள் சாப்பிடும்போது கோவிந்தப்பா சோற்றைப் பிசைந்தபடி, "உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றார். திரைக்கு அந்தப் பக்கம் கிருத்திகா துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவர் அந்தப் பக்கம் பார்த்துவிட்டு, பழக்க தோஷத்தில், "வழியில சொல்றேன்" என்றார். சொன்ன பிறகுதான் இருவருக்கும் உறைத்தது. அவர் லேசாகச் சிரித்தார். ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் வெளியே போவார்கள், அப்போது கேட்டுக்கொள்ளலாம் என்று பாஞ்சாலி நினைத்தாள். அந்த ஞாயிறு பார்த்து கிருத்திகாவின் அம்மா வீட்டு ஜனம் வந்துவிட்டது. அதற்கடுத்த ஞாயிறு அவருக்கு வரவில்லை. தோட்டத்தில், தண்ணீர்க் குழாயைக் கையில் பிடித்தபடியே விழுந்திருந்தார்.

காரியம் முடிந்த பிறகு, அந்தக் குடியிருப்பின் வாட்ச்மேன் ரங்கநாதன் துக்கம் கேட்க வந்தார். டீயைக் கையில் வாங்கிக்கொண்டு, "பத்து பதினஞ்சு நாளாவே நெஞ்சைப் புடிச்சிக்கிட்டு உக்காந்துடுவாரு. வீட்ல சொல்லுங்கண்ணான்னேன். சொல்லணும், அவகிட்டதான் மொதல்ல சொல்லணும்னாரு" என்றார்.

அஷ்வின் தலையைத் தூக்கினான். "உங்கிட்ட சொன்னாரா மா?"

பாஞ்சாலி பிள்ளையின் முகத்தைப் பார்த்தாள். வாசலில் அந்த ஸ்கூட்டர் நின்றது. இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஏன் சொல்லவில்லை என்று அடுத்த கேள்வி வரும். அதற்கான பதிலைக் கேட்டால் இந்தப் பிள்ளை எழுந்திருக்கவே மாட்டான். அவனும் போய்விட்டால் இந்த அறையில் அவளுக்கு யார் இருக்கிறார்கள்?

"சொன்னாரு" என்றாள். "நாந்தான் பெருசா எடுத்துக்கல. வாயுவா இருக்கும்னுட்டேன்."

அவன் டீ டம்ளரைத் தரையில் வைத்துவிட்டு வெளியே போனான். அன்றிலிருந்து அவளோடு பேசுவதில்லை. கிருத்திகாதான் நடுவில் நின்று, சாப்பாடு ஆச்சா, சாவி எங்கே என்று இரண்டு பக்கமும் கேட்டுச் சொல்கிறாள். பெற்ற வயிறு எரிந்தது. ஆனால் இந்த எரிச்சல் தன்னோடு போகட்டும் என்று பாஞ்சாலி இருந்துவிட்டாள்.

வேலைக்குத் திரும்பிய அன்று, அத்தையைக் கொண்டுபோய் விடச் சொல்லிக் கிருத்திகா புருஷனிடம் கெஞ்சினாள். அவனும் வண்டியைத் திருப்பி நிறுத்தினான். "வேணாம்மா, நான் நடந்துக்கிறேன்" என்று மருமகளிடம் சொல்லிவிட்டு பாஞ்சாலி செருப்பை மாட்டிக்கொண்டாள்.

தூணடியில் வெகுநேரம் நின்றாள். கையைப் பிடிக்க ஆளில்லை. காலேஜ் பிள்ளைகள் கும்பலாகக் கடக்கும்போது அவர்கள் நடுவில் புகுந்து கண்ணை மூடாத குறையாக ஓடினாள். ஜோகுபாளையத்தில் உள்பக்கமாகவே நடந்தாள். ரோட்டுப் பக்கம் ஓர் ஆள் நடக்கும் இடம் விட்டிருந்தாள். பின்னால் வந்த பைக்குக்காரன் ஹாரன் அடித்து அந்த இடத்தில் நுழைந்து போனான்.

"உம் புள்ளகிட்ட பொய் சொல்லிட்டேன்யா" என்று ஆரம்பித்தாள். எல்லாவற்றையும் சொன்னாள். அவன் பேசாததையும், சாவு வீட்டில் மௌரீன் மார்பில் அடித்துக்கொண்டு அழுததையும், கொடியில் இன்னும் அந்தத் தொப்பி தொங்குவதையும் சொன்னாள். எதிரே வந்தவர்கள் அவள் காதில் போன் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு போனார்கள். கேம்பிரிட்ஜ் லேஅவுட் வந்ததும் அவளிடம் சொல்வதற்கு ஒன்றும் மிச்சமில்லை.

"நான் சொல்லிட்டேன்" என்றாள். "இப்ப நீ சொல்லு. வழியிலதான கீறோம்."

தொம்மலூர் வரைக்கும் வாயைத் திறக்காமல், காது கொடுத்துக்கொண்டே நடந்தாள்.