கந்தையா அண்ணன் கேட்ட இடம்

கிறிஸ்தவ சபை நாட்டும் தொழிலில் நிலத்தைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் பயிற்சி கொடுப்பார்கள். கிட்டார் வாசிக்க, கைப்பிரதி கொடுக்க, நாய் கடிக்காமல் படலைக்குள் நுழைய, எல்லாம் பழகித்தான் கல்முனைக்கு வந்தேன். ஒன்பது வருஷத்தில் சேர்ந்தவர்கள் பதினொரு பேர். இதை வாசிக்கும் சக ஊழியக்காரரே, சிரிக்க வேண்டாம். உங்கள் சபையில் எத்தனை பேர் என்று நான் கேட்கவில்லை.

கரைவலைக்கு நடுவே ஞானஸ்நானம்

எனது முதல் விசுவாசி கந்தையா அண்ணன். நிந்தவூர் வயல்களில் வரம்பு கட்டும் கூலிக்காரர். குடியை விட்ட கையோடு மனைவி நல்லம்மா அக்காவையும் கூட்டிக்கொண்டு சபைக்கு வந்தார். ஞானஸ்நானம் கொடுக்க விடியற்காலையில் கடலுக்குப் போனோம். நான் பார்த்தது அலையை மட்டும். கரைவலை இழுக்கிற நேரத்தைப் பார்க்கவில்லை.

இடுப்பளவு தண்ணீரில் நிற்கும்போது அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "ஐயா, நான் செத்தா என்னை எங்க அடக்குவீங்க?" ஊர்ச் சுடலையை நினைத்துத்தான் கேட்கிறார் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் பிரசங்கிப் புத்தி விடுமா? "பரலோகத்தில் இடம் ஆயத்தமாக இருக்கிறது" என்றேன். அவர் திருப்பிக் கேட்பதற்குள் முக்கிவிட்டேன். கரையிலிருந்து வலைக்காரர் ஒருவர் கத்தினார்: "ஐயா, ஆள முக்கிறதெண்டா அங்கால கொண்டுபோய் முக்குங்க, மீன் கலையிது!"

வெள்ளைத் துணி

எங்கள் ஆராதனை மண்டபம் ஒரு புடவைக் கடையின் மேல்மாடி. கடைக்காரர் மருதமுனை ஹாஜியார். ஞாயிறு காலையில் எங்கள் டிரம் சத்தத்தைச் சகிப்பவர்; நோன்பு காலத்தில் மேலே கஞ்சியும் அனுப்புவார். கொரோனாவில் இறந்தவர்களை எரித்தே ஆக வேண்டும் என்று அரசாங்கம் நின்ற நாட்களில் அவருடைய காக்கா, அதாவது மூத்த சகோதரர், கொழும்பு ஆஸ்பத்திரியில் மௌத்தானார். எரித்துவிட்டார்கள். ஊரெங்கும் வேலிகளில் வெள்ளைத் துணி கட்டி, எங்கள் மையித்துகளை அடக்க விடுங்கள் என்று சனம் கேட்டது. அதையே கேட்கும் ஒரு மனுவோடு ஹாஜியார் மாடிப்படி ஏறி வந்தார். பாஸ்டரின் கையெழுத்தும் இருந்தால் நல்லது என்றார்.

கொழும்பிலிருக்கும் எங்கள் தலைமைப் போதகருக்கு ஃபோன் எடுத்தேன். அரசியலில் தலையிட வேண்டாம், ஜெபியுங்கள் என்றார். எனக்கு உள்ளுக்குள் நிம்மதியாக இருந்தது. அதை நினைத்தால் இன்றும் கூசுகிறது. "ஜெபிக்கிறம், ஹாஜியார்" என்றேன். அவர் கடதாசியை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "இனி வாற மையித்துகளுக்குத்தான் கேக்கன், பாஸ்டர். நம்மட காக்கா சாம்பலாகிட்டார்."

இடாப்பு

போன மாரியில் வரம்பு கட்டப் போன கந்தையா அண்ணன் வயலிலேயே மாரடைத்து விழுந்தார். கடலில் அவர் கேட்டதற்கு நான் இப்போது பதில் சொல்லியாக வேண்டும். ஊர்ச் சுடலைக்காரர்கள், தங்கள் சைவ முறைப்படி செய்தால் மட்டுமே புதைக்கக் கிடங்கு வெட்டலாம் என்றார்கள். வேதாகமமும் வேண்டாம், பாஸ்டரும் வேண்டாம்.

சொந்தமாகச் சேமக்காலை, அதாவது கல்லறைத் தோட்டம், வைத்திருக்கும் பழைய சபையின் போதகரிடம் ஓடினேன். வயதானவர், நல்ல மனுஷன். பிளேன்டீ தந்தார். அவர்களுடையது உயிரில்லாத சபை என்று வருஷக்கணக்காகப் பிரசங்கித்தவன் நான். அது அவர் காதுக்கு எட்டியிருக்காது என்றுதான் நம்பிப் போனேன். அவர் சபையாரின் பெயர்கள் எழுதிய பெரிய இடாப்பை விரித்து, கந்தையா என்ற பெயரை ஆறுதலாகத் தேடிவிட்டு மூடினார். "தம்பி, உயிரில்லாதவங்கட இடாப்பிலயும் பேர் இரிக்கோணுமே."

படலைக்கு வெளியே

நான் திரும்பி வந்தபோது நல்லம்மா அக்கா கிண்ணத்தில் திருநீறு குழைத்துக்கொண்டிருந்தார். புருஷனின் நெற்றியில் தன் கையாலேயே மூன்று குறி இழுத்தார். "ரெண்டு நாளாப் போச்சு, ஐயா. மனுசன எங்கயாவது வைக்கோணும். நீங்க கோவிக்கப்படாது."

சுடலைக்குள் என்னை விடவில்லை. திறக்காத வேதாகமத்தோடு படலைக்கு வெளியே நின்றேன். ஹாஜியார் கடையைப் பூட்டிவிட்டு மோட்டார் சைக்கிளில் வந்து, என் பக்கத்தில் நின்றார். எனக்கு அழுகை வந்தது. கந்தையா அண்ணனுக்காகவா, அந்த மனுவுக்காகவா என்று பிரிக்கத் தெரியவில்லை. மன்னிப்புக் கேட்கவும் வாய் வரவில்லை. உள்ளே மண் விழும் சத்தம் ஓய்ந்த பிறகுதான் ஹாஜியார் கதைத்தார். "உங்கட ஆக்கள அடக்க ஒரு இடம் கேட்டு அரசாங்கக் கந்தோருக்கு மனு எழுதுங்க, பாஸ்டர். மொதக் கையெழுத்து நான் போடுறன்."

நல்லம்மா அக்கா இப்போது ஆராதனைக்கு வருவதில்லை. செத்தால் எங்கே என்ற கேள்வியை யோசித்துப் பார்த்த இன்னும் ஆறு பேரும் வருவதில்லை. நான் அவர்களைக் குறைசொல்ல மாட்டேன்.

மனு தயார்; முதல் கையெழுத்து ஹாஜியாருடையது, இரண்டாவது என்னுடையது, மூன்றாவதற்காகக் கொழும்புக்கு அனுப்பியிருக்கிறேன், தலைமைப் போதகர் ஜெபித்துக்கொண்டிருக்கிறாராம்.