பாதிப் பேருக்கு அனுபவம், பாதிப் பேருக்கு இளமை

டென்னிஸில் யார் ஜெயிப்பார்கள் என்று பந்தயம் கட்டுகிறவர்களுக்கு முன்கூட்டியே சொல்லும் தொழிலில் இரண்டு வருஷம் இருந்தேன். டென்னிஸ் மட்டையை ஒரு நாளும் கையில் பிடித்ததில்லை. அப்படி ஒரு மெசேஜை நம்பிப் பணம் கட்டி, வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டவரா நீங்கள்? வாருங்கள், நாமெல்லாம் ஒரே கட்சி. என் மாமியாரின் முழங்கால் ஆபரேஷன் இன்னும் நடக்காததற்கும் இந்தத் தொழில்தான் காரணம்.

சேர்ந்த அன்று

அம்பத்தூர் எஸ்டேட்டில் இருபது வருஷம் பார்த்த டெஸ்பாட்ச் வேலை போனபிறகு, வயதைக் கேட்டதுமே எல்லாரும் கையை விரித்தார்கள். இந்த ஆபீஸ் மட்டும் சேர்த்துக்கொண்டது. முதலாளிக்கு இருபத்தேழு வயது. ஒவ்வொரு மேட்சுக்கும் என்னை இரண்டு மெசேஜ் எழுதச் சொன்னார். "முப்பத்தாறு வயசுக்காரர், நெருக்கடியில் பதறமாட்டார், அனுபவமே ஜெயிக்கும்" என்று ஒன்று. "பத்தொன்பது வயசு, எத்தனை மணி நேரம் ஆடினாலும் கால் ஓயாது, இளமையே ஜெயிக்கும்" என்று இன்னொன்று.

கையிலிருந்த போன் எண்கள் பட்டியலில் பாதிப் பேருக்கு அது, மீதிப் பேருக்கு இது. தப்பான மெசேஜ் போன பாதியை மறுநாள் பட்டியலிலிருந்து அடித்துவிடுவோம். சரியாகப் போன பாதியை மறுபடி இரண்டாகப் பிரிப்போம். நாலு மேட்ச் தாண்டி மிஞ்சுகிறவர்கள் எங்களைக் கையெடுத்துக் கும்பிடுவார்கள். ஐந்தாவது மெசேஜுக்கு அவர்களிடம்தான் கட்டணம். இது பித்தலாட்டம் இல்லையா என்று கேட்டேன். முதலாளி சிரிக்கக்கூட இல்லை.

"எப்பவுமே பாதிப் பேருக்கு உண்மையத்தானே சார் சொல்றோம்?"

எஃப்.சி. பணம்

திருவேற்காட்டு ஷேர் ஆட்டோக்காரர் ஒருவருக்கு 'அனுபவம்' போயிருந்தது. அன்றைக்குப் பார்த்து அனுபவசாலி இடுப்பு பிடித்துக்கொண்டு பாதி ஆட்டத்தில் வெளியேறிவிட்டார். போனை நான் எடுத்திருக்கக் கூடாது. அவர் திட்டியிருந்தால் பரவாயில்லை, நிதானமாகப் பேசினார்.

"வண்டிக்கு எஃப்.சி. காட்ட வெச்சிருந்த துட்டு நைனா. உன் பெர்சு இடுப்ப புட்சிகினு குந்திகினு கீறான், நான் இன்னா பண்றது சொல்லு."

எதிர் ஃப்ளாட்

பருத்திப்பட்டு அபார்ட்மெண்டில் எதிரெதிர் வீட்டுக்காரர்கள் இருவர், ஒரே மேட்சுக்கு வந்த மெசேஜை லிஃப்டில் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டார்கள். ஒருவருக்கு அனுபவம், மற்றவருக்கு இளமை. அனுபவம் வந்தவர் போன் போட்டார். மாட்டினோம் என்று நினைத்தேன். சொல்லிக்கொடுத்தபடி, "எங்களிடம் சீனியர் நிபுணர் ஒருத்தர், ஜூனியர் ஒருத்தர் சார்" என்று அளந்தேன். ஐ.டி. கம்பெனியில் இருக்கும் அந்த மனிதர் உடனே சமாதானமாகிவிட்டார்.

"அப்ப எனக்கும் ஜூனியரே போடுங்க சார். எங்க ஆபீஸ்லயும் சீனியர் சொல்றது எதுவும் நடக்கறதில்ல."

கடைசி எண்

நாலு மேட்ச் தாண்டியவர்களைக் கூப்பிட்டு ஐந்தாவதுக்குக் கட்டணம் கேட்பது என் வேலை. ஒருநாள் பட்டியலின் கடைசி எண்ணை அழுத்தினேன். என் போனில் 'மாமா' என்று வந்தது. உடனே துண்டித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை சேக்காட்டில் மாமனார் வீட்டுக்குப் போனேன். அதற்குள் அவரே ஆபீஸுக்குப் போன் பண்ணிக் கட்டணம் கட்டியிருந்தார். ஃபேக்டரியிலிருந்து ரிடையர் ஆன மாமனார், அத்தையின் ஆபரேஷனுக்கு வைத்திருந்த பணம் முழுவதையும் ஐந்தாவது மேட்சில் கட்டப்போவதாகப் பெருமையாகச் சொன்னார். அத்தை சுவரைப் பிடித்தபடி காபி கொண்டுவந்தார். வெட்கத்தை விட்டுச் சொன்னேன்: "மாமா, அத்தனையும் மோசடி. அந்த மெசேஜை எழுதினதே நான்தான்." அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "நாலும் சொன்னபடியே நடந்துச்சு மாப்ளே. இது ஆட்டத்துல ஊறின ஆளு எழுதினது." எவ்வளவு கெஞ்சியும் கேட்கவில்லை.

என் கையில் இருந்தது ஒன்றுதான்: அவரை எந்தப் பாதியில் போடுவது என்பது. அந்த வாரம் முழுக்க இரண்டு ஆட்டக்காரர்களின் பழைய ஆட்டங்களையும் உட்கார்ந்து பார்த்தேன். வயதானவரின் நிதானம் எனக்குப் பிடித்தது. வயதைக் கேட்டே விரட்டப்பட்ட எனக்கு அது பிடிக்காமல் எப்படி இருக்கும்? மாமாவை 'அனுபவம்' பக்கம் போட்டேன். பத்தொன்பது வயது ஒரு செட்டைக்கூட விடாமல் ஜெயித்தது.

மறுநாள் ஓடினேன். மாமா என் முகத்தைப் பார்க்கவில்லை.

"அந்த ஆளு மேல தப்பில்ல மாப்ளே. நல்ல காரியத்துக்கு முன்னாடி நீங்க வந்து அபசகுனமா பேசினீங்க பாருங்க, அதான்."

இரண்டு வருஷத்தில் ஆயிரக்கணக்கானவர்களுக்கு யோசிக்காமல் எழுதி அனுப்பியதில் பாதி பலித்தது. ராப்பகலாக யோசித்து ஒரே ஒருவருக்குச் சொன்னது பலிக்கவில்லை.