அரேயிலிருந்து வந்த ஏரோது

பீளமேட்டில் லேத் பட்டறை வைத்திருக்கும் ஏசுவடியானுக்கு மெதுவாகப் பேச வராது. மெஷின் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தியே முற்றிய தொண்டை. ஜெபம் செய்தால்கூட யாரையோ மிரட்டுகிற மாதிரி இருக்கும். அந்தத் தொண்டைக்குப் பொருத்தமான வேஷம் ஒன்றுதான்: சர்ச் கிறிஸ்துமஸ் நாடகத்தில் ஏரோது ராஜா. மனுஷன் அதற்காக ஏங்கிக் கிடந்தார். கிடைத்ததெல்லாம் வருஷா வருஷம் ஆட்டு வேஷம்.

இந்த வருஷம் ஏரோது யாரென்று சண்டை வேண்டாமென்று, சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்க்கும் கெசியா ஒரு வெப் பேஜ் செய்து வந்திருந்தாள். சபை ஆண்கள் பெயரெல்லாம் ஒரு அரேயில், அதாவது கம்ப்யூட்டர் பட்டியலில், வரிசையாக இருக்கும். பட்டனைத் தட்டினால் குருட்டாம்போக்கில் ஒன்றை எடுத்து சர்ச் ஹால் திரையில் காட்டும். வேண்டாம் என்பவரை வரிசையிலிருந்தே தூக்கிவிடும்.

தட்டினாள். 'ஏசுவடியான்' என்று வந்தது.

அவருக்கு நெஞ்சு குதித்தது. ஆனால் கேட்டவுடனே சரி என்று சொல்ல நம்ம பக்கத்து வாய்க்குத் தெரியுமா? இன்னொரு இட்லி என்றால்கூட இரண்டு தரம் மறுத்துவிட்டுத்தான் இலையைக் காட்டுவோம்.

"அட, எனக்கெதுக்குங்க அம்மணி? வேற நல்ல ஆளாப் பாருங்க."

"சரிங்க மாமா." தூக்கிவிட்டாள்.

ஏசுவடியானுக்கு வாய் பிளந்தது. ஒரு பேச்சுக்குக்கூட வற்புறுத்தவில்லையே!

அடுத்து பெனடிக்ட் பெயர் வந்தது. "அண்ணனே வேண்டாங்கறப்ப நான் முந்திக்கிட்டா நல்லாவா இருக்கும்? வேண்டாமுங்க." அவரையும் தூக்கினாள். அடுத்தவரும் அப்படியே. மரியாதையில் யாருக்கு யார் குறைச்சல்? மறுத்தவரெல்லாம், இன்னொரு தரம் கேட்பாள் என்று கெசியா முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

வரிசை காலி. அது தெரியாமல் அவள் இன்னொரு தரம் தட்டினாள். ஆள் இல்லாத அரேயில் கை விட்டால் என்ன வருமோ அது வந்தது: 'அன்டிஃபைண்ட்'. அப்படி ஒன்றும் இல்லை என்பதற்குக் கம்ப்யூட்டர் சொல்லும் வார்த்தை.

பாஸ்டர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தார். "யாருங்க இது? புதுசா வந்த குடும்பமா?"

கெசியா வாயைத் திறப்பதற்குள் ஏசுவடியான் எழுந்துவிட்டார்.

"நானுங்க ஐயா!" ஜன்னல் அதிர்ந்தது. "என்ற ஊட்டுப் பேருங்க அது!"

எல்லோரும் அவர் மனைவி சாராளைப் பார்த்தார்கள்.

"ஆமாங்க ஐயா," என்றாள் சாராள், முகத்தில் சிரிப்பே இல்லாமல். "கோவம் வந்தா அப்படித்தானுங்க கூப்புடுவேன்."

"அப்பச் சரி. ஏரோது நீங்கதான். சம்மதமுங்களா?"

"அட, எனக்கெது…"

சாராள் அவர் வாயைப் பொத்தினாள்.

"சம்மதமுங்க ஐயா."