மூன்று கம்பெனிகளும் ஒரு பெல்ட்டும்

ஹல்துமுல்லையில் இருந்த எங்கள் தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து அரைக்கும் ரோலர் ஒன்று இரண்டு நாள் நின்றுபோனது. பெல்ட் அறுந்துவிட்டது. கொழும்புக்குச் சொல்லியனுப்பி வாங்கிவந்து மாட்டினார்கள். அடுத்த வாரம் நமுனுகுல தொழிற்சாலைக்கு இருப்பு எடுக்கப் போனேன். அங்கே ஸ்டோரின் மேல்தட்டில் அதே பெல்ட் இரண்டு, உறை பிரிக்காமல் கிடந்தன. இந்த இரண்டும், பதுளையில் இருந்த இன்னொரு தொழிற்சாலையும் ஒரே முதலாளியுடையவை.

பண்டாரவளையில் இருந்த தலைமை அலுவலகத்தில் நான் அப்போது இருப்புக் கணக்கெழுதும் கிளார்க். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக் காம்பராவில் பிறந்து, ஏ.எல். பரீட்சை முடித்து, பதுளையில் ஆறு மாதம் கம்ப்யூட்டர் படித்தவள். பெல்ட் விஷயத்தைப் பயந்துகொண்டேதான் முதலாளியிடம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை.

"நம்மகிட்ட என்னா இருக்குன்னு நமக்கே தெரியலையேம்மா" என்றார்.

இரண்டாயிரத்துக்குப் பிந்திய வருடங்கள் அவை. கொழுந்து நிறுவை, ஸ்டோர், தேயிலைத் தூள் அனுப்புவது, தொழிலாளர் பேர்ப் பதிவு எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டிப்போடும் மென்பொருள் பற்றி அவர் எங்கோ கேள்விப்பட்டிருந்தார். ஈ.ஆர்.பி. என்றார்கள். மூன்று கம்பெனிகள் வந்து காட்டிவிட்டுப் போகச் சம்மதித்தன. "நீ ஒக்காந்து பாரு. எது நல்லதுன்னு எழுதிக் குடு" என்றார் முதலாளி.

என்ன கேட்பது என்றே எனக்குத் தெரியவில்லை. அதனால் எழுதிக்கொள்ள ஒரு கொப்பியை எடுத்துக்கொண்டு, பஸ் ஏறி, மூன்று தொழிற்சாலைகளுக்கும் போய், வேலை செய்கிறவர்களிடமே கேட்டேன். நிறுவைக்காரர் மழை நாளில் கொழுந்தின் ஈரத்துக்குக் கழிக்கும் கிலோவைப் பற்றிச் சொன்னார். தூள் தயாரிப்பைப் பார்க்கும் டீமேக்கர், ஒரு நாள் தூளை இன்னொரு நாள் தூளோடு கலந்தால் எப்படிப் பதிவது என்று கேட்டார்.

ஹல்துமுல்லை ஸ்டோர்கீப்பர் அண்ணன் மட்டும் பேசவே மறுத்தார். இருபது வருடமாக அந்த ஸ்டோரை மனதிலேயே வைத்திருந்தவர். கண்ணை மூடிக்கொண்டு கையை விட்டால் கேட்ட நட்டு கையில் வரும்.

"கம்ப்யூட்டர் வந்தா நான் எதுக்கு தங்கச்சி? வீட்டுக்குப் போவவா?"

"நீங்க போனா அதுக்கு யாருண்ணே சொல்லிக் குடுக்கிறது?" என்றேன். சமாதானத்துக்காகச் சொன்னதுதான். ஆனால் அவர் யோசித்தார். பிளேன்டீ வந்தது. குடித்து முடித்தபிறகு கேட்டார்:

"அந்த பெல்ட்ட நான் பட்டின்னு எழுதுவேன். நமுனுகுலவுல பெல்ட்டுன்னு எழுதுறாங்க. பதுளையில வெறும் நம்பரு. எந்தப் பேர்ல தேடுனாலும் அது காட்டுமா?"

கொப்பியில் அதைத்தான் முதல் கேள்வியாக மாற்றி எழுதினேன்.

முதல் கம்பெனியிலிருந்து நாலு பேர் டை கட்டிக்கொண்டு வந்தார்கள். சுவரில் படம் ஓடியது, வெளிநாட்டுத் தொழிற்சாலைகள் எல்லாம் பளபளவென்று. முதலாளி அசந்துபோனார். நான் பட்டிக் கேள்வியைக் கேட்டேன். எல்லோரும் ஒரே பெயருக்கு மாறிக்கொள்ள வேண்டும், மென்பொருள் மாறாது என்றார்கள். ஈரக் கழிவுக்கும் அதே பதில்.

இரண்டாவது கம்பெனிக்காரர் தனியாக வந்தார். சிரித்த முகம். எதைக் கேட்டாலும் "முடியும் மிஸ்" என்றார். பத்துக் கேள்விக்கும் முடியும். எனக்கு என்ன தோன்றியதோ, பதினொன்றாவதாக, "நாளைக்கி மழை வருமான்னு சொல்லுமா?" என்று கேட்டேன். அவர் பேனாவைத் திறந்து ஏதோ எழுதிக்கொண்டே, "அதையும் சேர்க்க முடியும்" என்றார். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். சிரிப்பை அடக்க அது ஒன்றுதான் வழி.

மூன்றாவது சின்னக் கம்பெனி. யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர், கண்ணாடி போட்டவர், கூட ஒரு சிங்கள எஞ்சினியர். முதல் கேள்வியிலேயே அந்த அம்மா தலையை ஆட்டினார்.

"தமிழ் எழுத்தில தேடேலாது பிள்ளை. அது எங்களிட்ட இல்லை. ஆனா இங்கிலீஷ் எழுத்தில பட்டி எண்டு அடிச்சாலும் வரும், பெல்ட் எண்டு அடிச்சாலும் வரும். ஒரு சாமானுக்கு நாலு பேர் வைக்கலாம்."

ஈரக் கழிவு இப்போதைக்கு இல்லை, எழுதித் தர மூன்று கிழமை, இருபத்தொரு நாள், வேண்டும் என்றார். தூள் கலப்பதும் இல்லை. டெலிபோன் லைன் அறுந்தால் தொழிற்சாலைகளை இணைக்க முடியாது என்பதையும் அவரே சொன்னார், நாங்கள் கேட்காமலே. பிறகு ஸ்டோரைப் பார்க்க வேண்டுமென்று என்னோடு ஹல்துமுல்லைக்குப் பஸ்ஸில் வந்தார். ஸ்டோர்கீப்பர் அண்ணன் பக்கத்தில் ஒரு சாக்கின்மேல் உட்கார்ந்து சாயந்தரம் வரை கேட்டுக் கேட்டு எழுதினார். மற்ற இரண்டு கம்பெனிக்காரர்களும் எங்கள் ஸ்டோர் வாசலைக்கூடப் பார்த்ததில்லை.

நான் எழுதிய ஐந்து பக்கத்தை முதலாளி இரண்டு தடவை படித்தார். அவருக்கு முதல் கம்பெனியின்மேல்தான் மனம்.

"நாலு விஷயம் முடியாதுன்னு சொன்னவங்களயா எடுக்கச் சொல்ற?"

"ஆமாங்க. முடியாததச் சொல்லிட்டாங்க. அதனால முடியும்னு சொன்னத நம்பலாங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மூன்று கம்பெனியின் பழைய வாடிக்கையாளர்களையும் போய்ப் பார்த்துவிட்டு வா என்று காரும் டிரைவரும் தந்தார். போனேன். ஓரிடத்தில் அந்தச் சிரித்த முகக்காரர் கொடுத்த கம்ப்யூட்டருக்குத் துணி போர்த்தி, மேலே பூச்சாடி வைத்திருந்தார்கள். யாழ்ப்பாணத்து அம்மாவின் வாடிக்கையாளர் ஒருவர் அரை மணி நேரம் குறை சொன்னார். கடைசியில், "ஆனா கூப்பிட்டா வந்துருவாங்க" என்றார். திரும்பி வந்து அதைச் சொன்னதும் முதலாளி சம்மதித்தார்.

வேலை லேசாக இருக்கவில்லை. மூன்று ஸ்டோர்களிலும் இருந்த ஒவ்வொரு சாமானுக்கும் பேர் வைக்க நாலு மாதம் ஆனது. மழை பெய்தால் லைன் போய்விடும். அப்போதெல்லாம் ஹல்துமுல்லை விவரங்கள் ஒரு பிளாஸ்டிக் பையில் டிஸ்க்காக, பஸ் கண்டக்டர் கையில் வந்து சேரும். ஈரக் கழிவு மூன்று கிழமையில் வரவில்லை, ஏழு கிழமை ஆனது. அந்த அம்மா அதற்காக நேரில் வந்து மன்னிப்புக் கேட்டார். அவரை எனக்கு இன்னும் பிடித்துப்போனது.

ஸ்டோர்கீப்பர் அண்ணன் ஒற்றை விரலால் அடிக்கப் பழகினார். மற்ற இரண்டு ஸ்டோர்காரர்களுக்கும் அவர்தான் போய்க் காட்டிக்கொடுத்தார். அந்த நாட்களில் மட்டும் இஸ்திரி போட்ட சட்டையில் வருவார்.

இரண்டு வருடம் கழித்து பதுளையிலிருந்து ஒரு பெரிய மரக்கறிக் கம்பெனியின் மேனேஜர் என்னைப் போனில் கூப்பிட்டார். அவர்களும் மென்பொருள் வாங்கப் போகிறார்களாம், எதை வாங்கலாம் என்று கேட்டார். எதையும் வாங்குமுன் கரட் மூட்டை தூக்குகிறவர்களிடம் போய்ப் பேசுங்கள் என்றேன். ஒரு மணி நேரம் பேசினோம். வைக்கப்போகும்போது, "மிஸ் எந்த கெம்பஸ்ல எஞ்சினியரிங் செஞ்சீங்க?" என்று கேட்டார்.

"நான் ஸ்டோர் கிளார்க்குங்க" என்றேன்.

"அப்ப நாளைக்கும் கோல் எடுக்கலாமா?" என்றார். எடுங்க என்றேன். போனை வைத்துவிட்டு, ஆறிப்போயிருந்த தேத்தண்ணியைச் சந்தோஷமாகக் குடித்தேன்.