மேட்டில் வெட்டிய குட்டை

நல்லம்பள்ளியிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் ஊர். எங்களுக்கு ரெண்டு ஏக்கர் கொல்லை. கிணறு கிடையாது. ஒருமுறை போர் போட்டுப் பார்த்தோம், புகைதான் வந்தது. அதனால் வானத்தைப் பார்த்துத்தான் கேழ்வரகு, நிலக்கடலை, கொள்ளு எல்லாம். என் வீட்டுக்காரர் ஓசூர்ப் பக்கம் கட்டட வேலைக்குப் போய்விட்டு எப்போதாவதுதான் வருவார். கொல்லைக்கு நான்தான் எல்லாம்.

கடலை காய் பிடிக்கும் சமயத்தில் ஒரே ஒரு தண்ணீர் கட்டினால் போதும், விளைச்சல் வீடு வந்து சேர்ந்துவிடும். அந்த ஒரு தண்ணீருக்கு வழியில்லாமல் கண்ணெதிரே செடி காய்ந்ததை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். அதனால்தான் கிராம சபைக் கூட்டத்தில், அரசாங்கமே இலவசமாகப் பண்ணைக்குட்டை வெட்டித் தருகிறது என்று வேளாண்மை உதவி அலுவலர் சொன்னதும் முதல் ஆளாகக் கை தூக்கினேன். ஸ்கூட்டியில் வரும் சின்ன வயசுப் பெண் அவர். ஊர் ஊராக அலைந்து முகம் கறுத்திருக்கும். "மழத்தண்ணி நிக்கும்க்கா, இன்ஜின் வெச்சு எறச்சிக்கலாம்" என்று ஆசையாகச் சொன்னார்.

ஆடி போனது, தை போனது. ஒன்றும் நடக்கவில்லை. நான் மறந்தே போயிருந்த ஒரு காலையில் அவரிடமிருந்து போன் வந்தது. "அக்கா, வண்டி உங்க ஊருக்குள்ள வந்துடுச்சு. சீக்கிரம் கொல்லைக்கு வாங்க."

அடுப்பை அணைத்துவிட்டு ஓடினேன். அதற்குள் கொல்லையின் மேற்குத் தலைமாட்டில், மேட்டில், ஜேசிபி வந்து நின்றிருந்தது. பொறியாளர் ஒருவர் சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டுக்கொண்டிருந்தார்.

"சார், இங்க வேணாங்க. அந்தக் கெழக்கு மூலைல வெட்டுங்க. தண்ணி பூரா அங்கதான் எறங்குது" என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "எனக்கும் தெரியுதும்மா. வண்டி அங்க எப்படிப் போகும்?"

எங்கள் கொல்லை நடுவே பாறைத் திட்டு மறிப்பதால், அந்த மூலைக்கு வண்டி போக வேண்டுமானால் என் கொழுந்தனார் நிலத்தில் ஏறித்தான் போக வேண்டும். அங்கே கேழ்வரகு கதிர் விட்டு நின்றது.

"கொஞ்ச நாள் பொறுத்துக்குங்க சார், அறுத்துடுவாங்க."

"மாசக் கடைசிக்குள்ள வேல முடிக்கணும்னு உத்தரவு. முடிக்கலன்னா உங்க குட்ட வேற ஊருக்குப் போயிடும். என்ன சொல்றீங்க?"

என் வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். பின்னால் கலவை எந்திரம் இரைந்துகொண்டிருந்தது. "வர்றத வேணாம்னு சொல்லாத. ஒண்ணு வந்தா சரி" என்று கத்தினார். நான் பொறியாளரைப் பார்த்துச் சரியென்று தலையாட்டினேன்.

சாயங்காலத்துக்குள் வெட்டி முடித்துவிட்டார்கள். ஓட்டுநர் இறங்கி வந்து, "அடியில பூரா சரளைக்கா. தண்ணி நிக்குமான்னு தெரியல" என்று மெதுவாகச் சொன்னார். பொறியாளர் அடுத்த ஊருக்குப் போனில் வழி கேட்டுக்கொண்டிருந்தார். குழி முன்னால் என்னை நிறுத்திப் போட்டோ எடுத்தார்கள். திட்டத்தின் பெயர் எழுதிய பலகை நட்டார்கள். போய்விட்டார்கள்.

ஐப்பசி மழை வலுத்த அன்று சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு கொல்லைக்குப் போனேன். கொல்லையை ஒட்டிய வண்டிப்பாதையில் செந்தண்ணீர் புரண்டு வந்து, குட்டையைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஓரமாகவே ஓடியது. கிழக்கு மூலையில் குளம் மாதிரித் தேங்கி, வரப்பை உடைத்துக்கொண்டு கொழுந்தனார் நிலத்துக்குள் இறங்கியது. குட்டையில் கணுக்கால் அளவுகூட இல்லை. அழுகை வந்தது. ஆத்திரத்தில் வந்த அழுகை.

மழை விட்டதும் என் ஓரகத்தி மண்வெட்டியோடு வந்தாள். கொழுந்தனாரின் மனைவி. எங்களுக்குள் சண்டை சச்சரவு உண்டு, ஆனால் மண்ணில் கை வைத்தால் இருவரும் ஒன்றுதான். வண்டிப்பாதையிலிருந்து குட்டைக்கு வாய்க்கால் வெட்டினோம். "கவருமென்ட்டு வெட்டுன குட்டைக்கு நாம வாய்க்கா வெட்டறோம் பாரு" என்று சிரித்தாள். கை கொப்பளித்திருந்தது, என்னால் சிரிக்க முடியவில்லை.

அடுத்த மழையில் பாதிக் குட்டை நிரம்பியது. அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. போன் பண்ணி வீட்டுக்காரருக்குத் தண்ணீர்ச் சத்தத்தைக் கேட்கவிட்டேன். ஒரு வாரம் கழித்துப் போய்ப் பார்த்தால் சேறுதான் இருந்தது. சரளை முழுக்கக் குடித்துவிட்டது.

உதவி அலுவலரைக் கூப்பிட்டேன். வந்து எட்டிப் பார்த்தார். "அடியில பிளாஸ்டிக் ஷீட்டு விரிக்கணும்க்கா."

"அப்ப விரிங்கம்மா."

"இந்தத் திட்டத்துல ஷீட்டு இல்லக்கா." என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். அவர் மேல் கோபப்பட என்ன இருக்கிறது? அவரும் என்னைப் போல மேலே ஒரு வார்த்தை கேட்டால் பதில் கிடைக்காத ஆள்தான்.

விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்துக்குப் பஸ் ஏறிப் போனேன். மைக்கைப் பிடித்தேன். மேடு, சரளை, ஷீட் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். குறித்துக்கொண்டார்கள். வெளியே வந்ததும் ஓர் அலுவலர் தனியாகக் கூப்பிட்டுப் பொறுமையாக விளக்கினார். ஷீட் கொடுப்பது வேறு துறையாம். அந்தத் துறை வெட்டிய குட்டைக்குத்தான் அவர்கள் கொடுப்பார்களாம்.

"எந்தத் துறை வெட்டுன குழின்னு தண்ணிக்குத் தெரியுமா சார்?" என்று கேட்டேன்.

அவர் சிரித்துவிட்டார். நல்ல மனிதர்தான். சிரித்துவிட்டு, டீ சாப்பிடுறீங்களா என்று கேட்டார். எனக்கு வீட்டுக்குப் போனால் போதும் என்றிருந்தது.

கடைசியில் ஓரகத்திதான் வழி சொன்னாள். ஏரி வண்டல் மண்ணை இலவசமாக அள்ளிக்கொள்ள அரசாங்கம் அனுமதி கொடுக்கிறதே, அதை வாங்கி அடியில் போட்டு மிதித்தால் என்ன என்றாள். கோடையில் அதற்கும் அலைந்தேன். இன்று வா, நாளை வா என்று இழுத்து, வானம் கறுக்கத் தொடங்கிய பிறகுதான் அனுமதி வந்தது. கொழுந்தனார் டிராக்டரில் அவசரமாக வண்டலைக் கொண்டுவந்து கொட்டினார். தண்ணீர் தெளித்து, ரெண்டு வீட்டு மாடுகளையும் உள்ளே விட்டு ஓட்டி ஓட்டி மிதிக்க வைத்தோம். என் வீட்டுக்காரரும் வேலைக்கு லீவு போட்டு வந்திருந்தார். "அன்னிக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது" என்றார். சொல்லாமல் இருந்திருந்தால் இந்தக் குட்டையும் இருந்திருக்காது என்பது எங்கள் இருவருக்குமே தெரியும்.

போன பருவத்தில் தண்ணீர் நின்றது. நிரம்ப இல்லை. கடலைக்கு ஒரு தண்ணீர் கட்டினோம். மேற்குப் பக்கம் நன்றாக விளைந்தது, கடைசிப் பாத்திகளுக்கு எட்டவில்லை.

அதற்கப்புறம்தான் வேனில் ஆள்கள் வந்தார்கள். வேறு ஊர்ப் பெண்களை அழைத்து வந்து குட்டையைக் காட்டினார்கள். கூட ஒரு பெரிய அதிகாரி. "எப்படிப் பயன் அடஞ்சீங்கன்னு இவங்களுக்குச் சொல்லுங்கம்மா" என்றார். நான் நடந்ததை நடந்தபடி சொன்னேன். உதவி அலுவலர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அதிகாரிக்கு முகம் சுருங்கியது. "நல்லதையும் சொல்லுங்கம்மா."

"அதையும் சொன்னனுங்களே சார். நீங்க வெட்டலன்னா இந்தக் குழிக்கு எனக்கு ஏது வசதி? ஆனா வண்டி அனுப்பறதுக்கு முன்னாடி ஒரு வார்த்த கேட்டிருந்தா, நான் வழி ஏற்பாடு பண்ணியிருப்பனுங்க. அவ்வளவுதான்."

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். வந்த பெண்களில் ஒருத்தி என் பக்கத்தில் வந்து, "எங்க ஊருக்கு எப்பங்க்கா வண்டி வரும்?" என்று கேட்டாள்.

"சொல்லிட்டு வராது. உங்க கொல்லைல தாழ்வான எடம் எதுன்னு பாத்து, அதுக்கு வண்டி போற வழியில இந்தத் தடவ வெதைக்காதீங்க. பக்கத்துக் கொல்லைக்காரங்ககிட்டயும் இப்பவே பேசி வெச்சிடுங்க."

"வெதைக்காம விட்டு, வண்டியும் வரலன்னா?"

வேன் ஹாரன் அடித்தது. அவள் ஓடிப்போய் ஏறிக்கொண்டாள்.