நிரம்பாத தொட்டி

காலை ஐந்தரைக்கெல்லாம் ஏரிப் படித்துறைக்குப் போய்விடுவேன். கையில் ஒரு கண்ணாடிப் பாட்டில், பையில் இரண்டு சொட்டு மருந்து. காற்றுக் குமிழ் புகாமல் பாட்டிலில் ஏரித் தண்ணீரை நிரப்பி, இரண்டு மருந்தையும் விட்டுக் குலுக்கினால் அடியில் மாவு போல ஒன்று படியும். அது பழுப்பாக இருந்தால் தண்ணீரில் பிராணவாயு இருக்கிறது. வெள்ளையாகவே நின்றுவிட்டால் இல்லை, கழிவு அதைத் தின்றுவிட்டது. நடைப்பயிற்சிக்கு வருகிறவர்கள் எட்டிப் பார்த்துவிட்டு, வெள்ளையாக இருக்கிறதே, சுத்தம்தானே என்று சந்தோஷமாகக் கேட்பார்கள். தலைகீழ் என்று விளக்கி விளக்கி எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

கள்ளக்குறிச்சியில் அரசுப் பள்ளி ஒன்றில் நான் வேதியியல் ஆசிரியை. அந்தப் பாட்டிலுக்காகத்தான் என்னை ஏரிக் குழுவில் சேர்த்தார்கள். குழு என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஏரிக்கரைத் தெருக்காரர்கள் பத்துப் பதினைந்து பேர், தலைவராக வேளாண்மைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர். நாங்கள் சேர்ந்தபோது ஏரியில் தண்ணீரே கண்ணுக்குத் தெரியாது. முழுக்க ஆகாயத்தாமரை. மூக்கைப் பிடிக்காமல் கரையைத் தாண்ட முடியாது. ஊர் கூடித்தான் அதை வாரினோம், தூர் எடுத்தோம், கரையில் நடைபாதை போட்டோம். ஐப்பசியில் கல்வராயன் மலையில் பெய்த மழை வாய்க்கால் வழியாக வந்து ஏரி நிரம்பியபோது, கரையில் நின்று கைதட்டியவர்களில் நானும் ஒருத்தி.

அதோடு விட்டிருக்கலாம். பொங்கலுக்குப் படகு விடலாம் என்று யாரோ சொன்னார்கள். படகில் போக வேண்டுமென்றால் இங்கிருந்து மலையேறிக் கரியாலூர் போக வேண்டும், இனி பிள்ளைகள் சாயங்காலம் இங்கேயே மிதிக்கலாம் என்று தெருவே துள்ளியது. நான்கு மிதிபடகுகளும் வந்து கரையில் கவிழ்ந்து கிடந்தன. விடலாமா கூடாதா என்று சொல்ல வேண்டியது மட்டும் என் பாட்டில். பிள்ளைகள் படகிலிருந்து கையை நீட்டித் தண்ணீரை அளைவார்கள், அந்தக் கையால் முறுக்குத் தின்பார்கள். கேஸை மூடினேனா என்று பஸ் நிறுத்தத்திலிருந்து திரும்பி வருகிற ரகம் நான். என்னிடம் போய் இதைக் கொடுத்தார்கள்.

ஏரியின் மற்ற மூன்று பக்கமும் கார்த்திகை பிறக்கும்போதே பழுப்புக் காட்டின. எங்கள் தெருப்பக்கம் மட்டும், அதுவும் படகுத்துறை கட்டியிருந்த மூலையில், தினமும் வெள்ளை. அந்த மூலைக்கு நேர்மேலே, எங்கள் வீட்டுக்கு அடுத்து, ஒரு இட்லிக் கடை. கடையும் வீடும் ஒன்றுதான். நடத்துகிற பெண் என்னைவிடப் பத்து வயது சின்னவள், புருஷன் லாரியில் போகிறவன். அவள் வீட்டுச் சுவரிலிருந்து ஒரு பிளாஸ்டிக் குழாய் ஏரிக்குள் நீட்டிக்கொண்டிருந்தது. குழாயும் தெரிகிறது, தண்ணீர் கொட்டுவதும் தெரிகிறது. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

குழுக் கூட்டத்தில் எழுந்து பேசியது நான்தான். நம் ஏரியைக் கக்கூஸாக்குகிறவர்கள் நமக்குள்ளேயே இருக்கிறார்கள் என்று ஆரம்பித்தேன். வகுப்பில் பேசிப் பேசி எனக்குக் குரல் தானாகவே உயரும். அவள் எழுந்து, கக்கூஸுக்கு உறை இறக்கித் தனியாகக் குழி இருக்கிறது, குழாயில் வருவது பாத்திரம் கழுவுகிற தண்ணீர் மட்டும்தான் என்றாள். பிடிபட்ட எல்லாரும் அதைத்தான் சொல்வார்கள் என்று நான் சொன்னேன். சிலர் சிரித்தார்கள். அவள் உட்கார்ந்துவிட்டாள். மறுநாளே அந்தக் குழாயைச் சிமெண்ட் வைத்து அடைத்தார்கள்.

அடைத்த பிறகும் வெள்ளைதான். தங்கியிருக்கும் அழுக்கு கரைய நாளாகும் என்று முதல் வாரம் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். இரண்டாவது வாரம் அந்த மூலையில் கெண்டைக் குஞ்சுகள் வயிறு மேலாக மிதந்தன. படகு விடுகிற தேதியை நோட்டீஸில் போட்டாகிவிட்டது. எனக்குச் சோறு இறங்கவில்லை. போதாததற்கு, கழுவுகிற தண்ணீருக்குப் போக்கிடம் இல்லாமல் அவள் ஒரு நாளைக்கு ஏழெட்டு நடை பக்கெட்டில் சுமந்துகொண்டு என் வீட்டு வாசல் வழியாகத் தெருமுனைச் சாக்கடைக்குப் போய்வந்தாள். என்னைப் பார்த்தால், சாப்டீங்களா டீச்சர் என்பாள், எப்போதும் கேட்கிற மாதிரியே. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

அடுத்த கூட்டத்தில், வீடு வீடாகச் சாயம் ஊற்றிப் பார்க்கலாம் என்று நானே யோசனை சொன்னேன். சாயப்பொடி சேலத்தில் கிடைக்கும். டப்பாவில் செங்கல் பொடி மாதிரி இருக்கும், தண்ணீரில் விழுந்தால் கிளிப்பச்சை. கக்கூஸில் ஊற்றினால் எந்த வீட்டுக் கழிவு ஏரிக்கு வருகிறது என்று பட்டப்பகலில் தெரிந்துவிடும். முதலில் இட்லிக் கடையிலிருந்து தொடங்கலாம் என்றும் சேர்த்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை என்று முடிவானது. பொடியை வாங்கி வைப்பது என் பொறுப்பு.

பேச்சு அப்படியே கக்கூஸ் தொட்டி சுத்தம் பண்ணுகிற லாரிகளைப் பற்றித் திரும்பியது. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை கூப்பிட வேண்டியிருக்கிறது என்று ஒருவர் அலுத்துக்கொண்டார். எங்கள் பக்கத்தில் வீடு கட்டியவர்களுக்கெல்லாம் ஒரு பெருமை உண்டு. தொட்டி நிரம்பவே இல்லை என்றால் மேஸ்திரி கைராசிக்காரர், மண் நல்ல மண், வீடு யோகமான வீடு. நானும் அந்தப் பெருமையில்தான் சொன்னேன், எங்கள் வீட்டில் பதினெட்டு வருஷமாக ஒரு தடவைகூடத் திறக்கவில்லை என்று. எல்லாரும் ஆச்சரியப்பட்டார்கள். தலைவர் மட்டும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பதினெட்டு வருஷமாவா டீச்சர்?" என்று கேட்டார். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு கூட்டத்தை முடித்தார்.

வீட்டுக்கு நடந்து வரும் வழியில், கேட்டைத் திறக்கக் கை வைத்த இடத்தில்தான் உறைத்தது. உள்ளே போனது எதுவும் பதினெட்டு வருஷமாக நிரம்பவில்லை என்றால் அது எங்கேதான் போயிற்று? வேதியியல் படித்தவள் நான். எந்தப் பொருளும் மாயமாக மறையாது என்று வருஷா வருஷம் பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் எழுதிப் போடுகிறவள். கேட்டைப் பிடித்தபடியே நின்றேன்.

வீடு கட்டும்போது எனக்குத் திருக்கோவிலூரில் வேலை. என் கணவருக்குச் சின்னசேலத்தில். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வந்து, சுவர் எவ்வளவு எழும்பியிருக்கிறது என்று பார்த்துவிட்டுப் போவோம். மண்ணுக்குள் போன குழாயை நாங்கள் பார்க்கவில்லை. கணவரிடம் சொன்னபோது சிரித்தார். "ஊருல இருக்கற கவல போதாதுன்னு இத வேற இழுத்துக்கினு வர்றியா?" என்றார். ஆனால் அன்று அவரும் சரியாகச் சாப்பிடவில்லை.

ஞாயிறு வரை தள்ளிப்போட எனக்குத் தைரியம் இல்லை. சனிக்கிழமை மத்தியானம், கரையில் ஆளில்லாத நேரம் பார்த்து, படகுத்துறையில் போய் நின்றேன். வீட்டிலிருந்து கணவர் போனில் கூப்பிட்டு, ஊத்திட்டேன் என்றார். கண்ணைக் கொட்டாமல் தண்ணீரையே பார்த்தேன். ஒன்றுமில்லை. இரண்டு கொக்கு நின்றது, ஒரு பிளாஸ்டிக் கவர் மிதந்தது. எனக்கு எங்கிருந்தோ ஒரு சிரிப்புக்கூட வந்தது. பைத்தியக்காரி, வீணாகப் பயந்துவிட்டோம் என்று நினைத்தேன். போனில் அப்படிச் சொல்ல வாயெடுத்தபோது, சிமெண்ட் வைத்து அடைத்த குழாய்க்கு ஒரு முழம் தள்ளி, தண்ணீருக்கு அடியிலிருந்து பச்சை கிளம்பியது. முதலில் ஒரு நூல் மாதிரி. பிறகு குடம் குடமாக. அங்கே இன்னொரு குழாய் இருந்திருக்கிறது. ஏரி நிரம்புவதற்கு முன் ஆகாயத்தாமரையும் கரையோரச் சேறும் அதை மூடியிருந்தன, நிரம்பிய பிறகு தண்ணீர் மூடிவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் கொல்லையில் தொட்டியின் மூடியைக் கடப்பாரை போட்டு நெம்பினோம். உள்ளே எட்டிப் பார்த்தால் களம் மாதிரிக் காய்ந்து கிடந்தது. ஒரு சொட்டு ஈரம் இல்லை. கட்டியவர்கள் மறந்துவிட்டுப் போன சிமெண்ட் அள்ளும் பாண்டுச் சட்டி ஒன்று அடியில் துருப்பிடித்துக் கிடந்தது. குழாயைத் தொட்டியில் சேர்க்காமல் பக்கவாட்டிலேயே கொண்டுபோய், இட்லிக் கடைச் சுவருக்குக் கீழாக ஏரியில் விட்டிருக்கிறார்கள். அந்தப் பக்கம் சரிவு, தானாகவே போய்விடும் என்று மேஸ்திரி கணக்குப் போட்டிருப்பார். கைராசிக்காரர்.

கணவர் மூடியைத் திரும்பத் தள்ளி மூடினார். "ஏன் ஊரக் கூட்டணும்? ரெண்டு ஆள வெச்சி நாளைக்குக் காலைலயே பைப்ப தொட்டிக்குத் திருப்பிடலாம். சாயத்துக்கு மின்ன வேல முடிஞ்சிடும். யாருக்குத் தெரியப் போவுது?" என்றார்.

நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. அதை ஒளிக்காமல் எழுத வேண்டும். ஆளுக்குப் போன் போடச் சொன்னதே நான்தான். இரண்டு மணி நேரம் முழுக்க அந்த முடிவில்தான் இருந்தேன், வெட்கம் அவ்வளவு இருந்தது. பள்ளிக்கூடம், பிள்ளைகள், தெரு, எல்லார் முகமும் வரிசையாக வந்துபோனது. நாலு மணி வாக்கில் ஜன்னல் வழியாக அவள் பக்கெட்டோடு போவதைப் பார்த்தேன். ஒரு பக்கமாகச் சாய்ந்து நடந்தாள். அப்போதுதான் மீதியும் புரிந்தது. எங்கள் குழாயைச் சத்தமில்லாமல் திருப்பிவிட்டால் கொஞ்ச நாளில் அந்த மூலை பழுப்புக் காட்டும். ஊர் என்ன சொல்லும்? இட்லிக் கடைக் குழாயை அடைத்தோம், ஏரி சுத்தமாகிவிட்டது என்று சொல்லும். அவள்மேல் நான் வைத்த பழியை என் பாட்டிலே நிரூபித்துவிடும். காலத்துக்கும் அது போகாது.

அன்றைக்கே தலைவர் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை. மறுநாள் சாயம் ஊற்றுவதற்கு முன் கூடும் கூட்டத்தில் என் கதவு எண்ணை நானே முதலில் சொல்வதாக ஏற்பாடு. பிறகு அப்படியே நடந்தது. அதற்கப்புறம் ஊற்றிய சாயத்தில் எங்கள் வரிசையிலேயே இன்னும் மூன்று வீடுகள் பச்சை காட்டின. மூன்றும் நிரம்பாத தொட்டி என்று பெயர் வாங்கிய வீடுகள்தான். அந்தப் பொங்கலுக்குப் படகு விடவில்லை. சித்திரையில்தான் விட்டோம்.

ஆனால் கூட்டத்துக்கு முன்னால் அவளிடம் நேரில் சொல்லிவிட வேண்டும் என்று, சனிக்கிழமை சாயங்காலமே இட்லிக் கடைக்குப் போனேன். மாவு ஆட்டிக்கொண்டிருந்தாள். கிரைண்டரை நிறுத்தி ஸ்டூலை இழுத்துப் போட்டாள். நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் சொல்ல மாட்டேன் என்று பயம். எங்கள் வீட்டுக் கழிவுதான் என்று சொன்னேன். கூட்டத்தில் பேசியதற்கு மன்னித்துவிடு என்றேன். கூட்டத்தில் உயர்ந்த குரல் இப்போது வெளியிலேயே வரவில்லை.

அவள் கையிலிருந்த மாவை வழித்தாள்.

"தெரியுங்க டீச்சர்" என்றாள். "உங்க பைப்பு எங்க அடுப்படி செவுத்துக்குக் கீழதான போவுது? தண்ணி ஊத்தனா மடமடன்னு கேக்கும்."

எத்தனை நாளாகத் தெரியும் என்று கேட்டேன்.

"இந்த வூட்டுக்கு வந்ததுலேர்ந்து" என்றாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. கணக்குச் சொல்கிறவள் போலச் சொன்னாள். "காலைல அஞ்சு மணிக்கு ஒரு தபா கேக்கும். அப்புறம் நீங்க பாட்டில எடுத்துக்கினு ஏரிக்குக் கெளம்பறதுக்கு மின்ன இன்னொரு தபா."